செப்புத் தகட்டில் ஏறிய ரங்கூன்

பழைய ரங்கூன் – பகுதி 9

முதல் ஆங்கில-பர்மியப் போரில், 1824 மே 11 அன்று சர் ஆர்ச்சிபால்ட் கேம்ப்பெல் தலைமையில் வங்காளப் படையும் மதராஸ் படையும் ரங்கூன் துறையில் இறங்கியதைச் சென்ற பகுதியில் பார்த்தோம். ஊர்மக்கள் வீடுவாசலைப் போட்டுவிட்டுக் காட்டுக்குள் போய்விட்டார்கள். ஆளில்லாத ஊர்தான் படையின் கைக்குக் கிடைத்தது. அந்தப் படையோடு வந்த ஒருவரை அங்கே பெயர் சொல்லாமல் விட்டேன். அவருக்கென்று ஒரு முழுப் பகுதி ஒதுக்க வேண்டும் என்று நினைத்ததுதான் காரணம். பிரிட்டிஷ் அரசப் படையின் 89ஆம் ரெஜிமென்ட்டைச் சேர்ந்த லெப்டினன்ட் ஜோசப் மூர். போரிட வந்த இடத்தில் அவர் படமும் வரைந்தார். 1824இல் ரங்கூன் எப்படி இருந்தது என்று இன்று எந்த நூலில் படம் போட்டாலும், பெரும்பாலும் அது மூர் வரைந்ததன் பிரதியாகத்தான் இருக்கும்.

போர் முடிவதற்கு முன்பே அவர் படங்கள் லண்டன் போய்ச் சேர்ந்துவிட்டன. 1825, 1826 ஆண்டுகளில் தாமஸ் கிளே என்ற பதிப்பாளர் அவற்றை அச்சோவியங்களாக வெளியிட்டார். ரங்கூனிலும் அதன் சுற்றுப்புறத்திலும் கண்ட பதினெட்டுக் காட்சிகள் என்பது தொகுப்பின் தலைப்பு. பின்னால் நாவலாசிரியராகப் பெயர் பெற்ற கேப்டன் ஃபிரெடெரிக் மேரியட் அப்போது ‘லார்ன்’ என்ற போர்க்கப்பலின் தலைவராக அதே போரில் இருந்தார். அவர் வரைந்தவற்றையும் சேர்த்து ஆறு தகடுகள் கொண்ட இன்னொரு தொகுப்பும் வந்தது.

இதற்கு முன்பு பர்மாவைப் பற்றிய அச்சுப் படங்களே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 1795இல் ஆவா அரசவைக்குத் தூது சென்ற மைக்கேல் சைம்ஸ் எழுதிய நூல் 1800இல் லண்டனில் வந்தபோது, பெகு நகரத்து ஷ்வேமாடோ பகோடா உள்ளிட்ட படங்கள் அதில் இருந்தன. அவற்றுக்கு மூலம் வரைந்தவர் சிங்கே பே என்று ஆங்கில ஏடுகள் எழுதிவைத்த ஓர் இந்திய ஓவியர். வங்காளத்திலிருந்து தூதுக்குழுவோடு அனுப்பப்பட்டவர். அந்த மனிதரின் ஊர், குலம், வயது எதுவும் அந்த நூலை வாங்கியவர்களுக்குப் பெரிதாகப் படவில்லை. இந்தப் பகுதி முழுக்கக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இங்கேயே தொடங்கிவிடுகிறது: ரங்கூனை அச்சில் ஏற்றியது யார் கண், யார் கை?

மூரின் படங்களில் அந்தக் கைகள் பல. அவர் தீட்டியது நீர்வண்ண ஓவியம். அதை அப்படியே அச்சடிக்க அன்று வழி கிடையாது. லண்டனில் ஜார்ஜ் ஹன்ட், ஹென்றி பையல், ஃபீல்டிங் போன்ற செதுக்குநர்கள் அதைச் செப்புத் தகட்டுக்கு மாற்றினார்கள். மூர் கொண்டுவந்த தாளும் குறிப்பும்தான் அவர்களுக்கு ரங்கூன். அவர்கள் கையாண்ட முறைக்கு அக்வாடின்ட் என்று பெயர். 1760களில் பிரான்சில் ழான்-பாப்டிஸ்ட் லெ பிரின்ஸ் பக்குவப்படுத்தியது. 1799இல் ஸ்பெயின் ஓவியர் கோயா எண்பது படங்கள் கொண்ட தம் ‘காப்ரிச்சோஸ்’ தொகுப்பில் இதே முறையைக் கொண்டு தன் நாட்டு மேல்தட்டை உலுக்கினார்.

முறையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இது தெரியாமல் இந்தப் படங்களைப் பார்ப்பவர் பாதியைத்தான் பார்க்கிறார்.

முதலில் தகட்டை மெருகிட்டு அதன்மேல் மெழுகுப் பூச்சு கொடுப்பார்கள். ஊசியால் பூச்சைக் கீறிக் கோடு இழுப்பார்கள். தகட்டை அமிலத்தில் போட்டால் கீறிய இடம் மட்டும் அரித்துப் பள்ளமாகும். கோட்டுக்கு இது போதும். வானத்தின் மங்கலுக்கும், மரத்தடி நிழலுக்கும், ஆற்றின் பளபளப்புக்கும் கோடு போதாது. அதற்காக மூடிய பெட்டிக்குள் பிசின் தூளைக் கிளப்பிவிட்டு, அது தகட்டின்மேல் மெல்லப் படிய விடுவார்கள். அடியில் சூடு காட்டினால் ஒவ்வொரு துகளும் தகட்டோடு ஒட்டிக்கொள்ளும். இப்போது அமிலத்தில் போட்டால், துகள் இருக்கும் இடத்தை விட்டுவிட்டு இடைவெளியை மட்டும் அது அரிக்கும். தகடு முழுவதும் கண்ணுக்குத் தெரியாத குழிகள். வெள்ளையாகவே நிற்க வேண்டிய இடத்தை வார்னிஷ் பூசி முன்னதாகவே மூடியிருப்பார்கள். சற்று நேரம் கழித்துத் தகட்டை எடுத்து, வெளிர்சாம்பலாக இருக்க வேண்டிய இடத்தை மூடி, மறுபடி அமிலத்தில் போடுவார்கள். இன்னும் ஆழம், இன்னும் கறுப்பு. இப்படிப் படிப்படியாக நிழல் இருட்டிக்கொண்டே போகும். ஒரு நிமிடம் கூடினாலும் வானம் கெட்டுவிடும், அழித்து எழுத முடியாது.

இதற்குமேல் ஒரு சங்கடம் உண்டு. அச்சில் எல்லாம் இடவலமாக மாறி விழும். எனவே செதுக்குபவர் ஷ்வேடகோன் பகோடாவையும் அதற்குப் போகும் பாதையையும் தலைகீழ்த் திசையில், இடது வலதாக, வலது இடதாக எண்ணித்தான் தகட்டில் செய்ய வேண்டும்.

தகடு முடிந்ததும் கெட்டி மையை அதன்மேல் தேய்த்துக் குழிகளுக்குள் இறக்குவார்கள். மேலே நிற்கும் மையைத் துணியால் துடைத்து, கடைசியில் உள்ளங்கையால் வழித்தெடுப்பார்கள். ஈரப்படுத்திய தாளைத் தகட்டின்மேல் போட்டு, கம்பளி விரித்து, உருளைப் பொறியின் நடுவே தள்ளுவார்கள். அந்த அழுத்தத்தில் தாள் குழிக்குள் இறங்கி மையை உறிஞ்சிக்கொண்டு வரும். அடுத்த தாளுக்கு மறுபடி மை, மறுபடி துடைப்பு. இவ்வளவும் ஆன பிறகு, வண்ணம் தீட்டும் கூலிக்காரர்கள் ஒவ்வொரு தாளுக்கும் தனித்தனியே நீர்வண்ணம் பூசுவார்கள். அதனால்தான் மூரின் ஒரே காட்சியின் இரண்டு படிகளைப் பக்கத்தில் வைத்தால் ஒன்றில் வானம் இளஞ்சிவப்பு கூடியிருக்கும், இன்னொன்றில் குறைந்திருக்கும்.

அச்சோவியத்தின்மீது மனிதர்களுக்கு இருக்கும் பிரியத்துக்குக் காரணம் இதில்தான் இருக்கிறது. அது பிரதி, ஆனாலும் ஒவ்வொரு படியும் ஒரு கை தொட்டுத் துடைத்த பொருள். விளிம்பைத் தடவினால் தகடு பதிந்த பள்ளம் விரலுக்குத் தட்டுப்படும். உருப்பெருக்கியை வைத்தால் நிழலுக்குள் பிசின் துகள் விட்டுப்போன வெண்புள்ளிகள் தெரியும். செம்பு மென்மையான உலோகம். சில நூறு படிகள் எடுத்ததும் துகள் பரப்பு தேய்ந்து நிழல் வெளுத்துப்போகும். எனவே முதலில் எடுத்த படிகளுக்கு ஆழம் அதிகம், சேகரிப்பவர்கள் அவற்றைத் தேடுவார்கள். இன்றைய அச்சோவியர்கள் ஒவ்வொரு படியின் கீழும் 3/25 என்பதுபோல் எண்ணிட்டுக் கையொப்பம் போடுவதும், அந்த எண்ணிக்கை முடிந்ததும் தகட்டைக் கீறிப் பாழாக்குவதும் இந்தத் தேய்மானத்திலிருந்து வளர்ந்த வழக்கங்கள்தான். எண்ணெய் வண்ண ஓவியம் ஒரு பிரபுவின் சுவரில் ஒன்றே ஒன்றாகத் தொங்கும். அச்சோவியம் நூறு வீட்டுக்குப் போகும்.

நூறு வீட்டுக்குப் போனது எது என்று பார்க்க வேண்டும்.

மூரின் தொகுப்பு அந்தமானில் போர்ட் கார்ன்வாலிஸ் துறையிலிருந்து கப்பல்கள் ரங்கூனுக்குக் கிளம்பும் காட்சியோடு தொடங்குகிறது. பிறகு மே 11 தரையிறக்கம். ஷ்வேடகோனுக்குப் போகும் பெரும்பாதை. பகோடாவின் மேல்தளம். டல்லா என்ற ஊர் பற்றி எரிவது. கெமெண்டைனில் ஜூன் 10 அன்று மரவேலிக் காவலரணைத் தாக்கியது. ஜூலை 8 அன்று இன்னொரு காவலரணுக்குள் ஏறிக் குதித்தது. கோயிலும் போரும் மாறிமாறி வருகின்றன. பகோடாவையும் சிறு கோயில்களையும் மூர் அக்கறையோடு பார்த்திருக்கிறார். அந்தக் கூரை அடுக்குகளின் செதுக்கு வேலையை அவர் அலட்சியமாக வரையவில்லை. கலைஞனின் கண் அவருக்கு இருந்தது, அதை மறுக்க மாட்டேன். ஆனால் அந்தக் கண் படைமுகாமிலிருந்து பார்த்தது. ஷ்வேடகோன் மேல்தளத்தை அவர் பெரிய மணியின் அருகிலிருந்து வரைந்தபோது அந்தத் தளம் பிரிட்டிஷ் படையின் கோட்டையாக இருந்தது. சிங்கு மன்னர் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வார்ப்பித்த அந்த மணியை, இருபது டன்னுக்கு மேல் எடையுள்ளதை, கல்கத்தாவுக்குக் கொண்டுபோக 1825இல் முயன்றார்கள். அது ஆற்றில் விழுந்து மூழ்கியது. ஆங்கிலேயப் பொறியாளர்களால் எடுக்க முடியாததைப் பின்னர் பர்மியர்கள் மூங்கில் கட்டி மிதக்கவைத்து மீட்டு, பழைய இடத்திலேயே தொங்கவிட்டார்கள். அந்த மீட்பை யாரும் செப்புத் தகட்டில் ஏற்றவில்லை.

தொகுப்பில் தமிழ் வாசகர் நின்று பார்க்க வேண்டிய ஒரு படம் இருக்கிறது. ரங்கூனின் கிழக்குச் சாலையின் ஒரு பகுதியும் ஏரியும் தெரியும் காட்சி. அது எங்கிருந்து வரையப்பட்டது என்பதைத் தலைப்பே சொல்கிறது: மதராஸ் சுதேசிக் காலாட்படையின் 7ஆம் ரெஜிமென்ட் முன்னேறி நின்ற இடத்திலிருந்து. கடல் தாண்டிப் போக வங்காளச் சிப்பாய்கள் பலர் தயங்கிய காலம் அது. 1824 நவம்பரில் பாரக்பூரில் 47ஆம் ரெஜிமென்ட் புறப்பட மறுத்து, பீரங்கியால் சுடப்பட்டது. இந்தத் தயக்கத்தால் கப்பலேறிய சுதேசிப் படையில் பெரும்பங்கு மதராஸ் மாகாணத்துக் காலாட்படை. தமிழரும் தெலுங்கரும் முஸ்லிம்களும் கலந்த படை. செட்டியார்கள் கணக்குப்பிள்ளையோடு ரங்கூன் வருவதற்கு ஒரு தலைமுறை முன்னதாகவே நம் ஊர்க்காரர்கள் அந்த ஏரிக்கரையில் காவல் நின்றிருக்கிறார்கள். நாம் வழக்கமாகச் சொல்லும் தமிழர் ரங்கூன் கதை வணிகத்தில் தொடங்குகிறது. இந்த அச்சோவியத்தின் தலைப்பு அதைச் சில பத்தாண்டுகள் பின்னுக்குத் தள்ளுகிறது.

அவர்கள் பட்டபாடு எந்தத் தகட்டிலும் இல்லை. மழைக்காலத் தொடக்கத்தில் படையை இறக்கி, அக்கம்பக்கத்தில் அரிசியோ மாடோ கிடைக்காத ஊரில் அடைத்துவைத்தார்கள். வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் ஸ்கர்வியும் வந்தன. 1826 பிப்ரவரி 24 அன்று யாண்டபோ உடன்படிக்கை கையெழுத்தாகும்வரை அந்தப் போரில் ஈடுபட்ட பிரிட்டிஷ், இந்தியப் படையினர் சுமார் 40,000 பேரில் 15,000 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் சண்டையில் சாகவில்லை, நோயில் செத்தார்கள். பர்மியத் தரப்பில் இறந்தவர்களுக்குச் சரியான கணக்கே கிடையாது. மூரின் தொகுப்பைப் புரட்டுபவருக்கு ரங்கூன் அழகான ஆறும் மரமும் பொற்கோபுரமும் உள்ள இடம். போர் அதற்குள் சில மணி நேரச் சாகசம். அச்சோவியத்தின் வசீகரம் அங்கே ஓர் உண்மையை மறைக்கவும் பயன்பட்டிருக்கிறது என்பதே என் தீர்மானம். அந்தப் படங்களை நேசிப்பவன் என்பதால்தான் இதைச் சொல்கிறேன்.

மதராஸ் பக்கத்துக்கும் இந்தக் கலைக்கும் இன்னொரு முடிச்சு உண்டு. கேப்டன் ஜேம்ஸ் கெர்ஷா என்பவர் அதே போரில் வரைந்த பர்மியக் காட்சிகளை 1831ஐ ஒட்டி அக்வாடின்ட்டாகச் செய்தவர் வில்லியம் டேனியல். தன் தந்தையின் உடன்பிறந்தவரான தாமஸ் டேனியலோடு 1792இல் மதுரை, இராமேசுவரம், குற்றாலம் என்று சுற்றி வரைந்தாரே, அதே டேனியல். அவர்களுடைய ‘ஓரியன்டல் சீனரி’ வரிசையின் 144 தகடுகளில் நம் கோயில்களும் அருவிகளும் இருக்கின்றன. மதுரையை நேரில் பார்த்த கை, நாற்பது ஆண்டு கழித்து இன்னொருவர் பார்த்த பர்மாவைச் செம்பில் வெட்டியது.

அக்வாடின்ட்டின் காலம் அதற்குள் முடிந்துகொண்டிருந்தது. ஜெர்மானியர் அலோய்ஸ் செனெஃபெல்டர் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கண்டுபிடித்த கல்லச்சு அதன் இடத்துக்கு வந்தது. எண்ணெய் ஊறிய அம்மியில் தண்ணீர் ஒட்டாமல் ஓடுவதைப் பார்த்தவர்களுக்கு இந்த முறையின் சூட்சுமம் உடனே விளங்கும். வழவழப்பான சுண்ணாம்புக் கல்லில் கொழுப்பு கலந்த கட்டியால் படம் வரைய வேண்டும். கல்லை நனைத்தால் வரைந்த இடம் நீரை ஏற்காது. மை உருளையை ஓட்டினால் வரைந்த இடம் மட்டும் மையைப் பிடிக்கும். குழி வெட்ட வேண்டியதில்லை, அமிலத்தோடு போராட வேண்டியதில்லை, ஓவியரே நேராகக் கல்லில் வரையலாம். கல்கத்தாவில் இது வேகமாகப் பரவியது. அங்கே வாழ்ந்த கோல்ஸ்வர்த்தி கிராண்ட் 1846இல் ரங்கூன் போய்வந்து எழுதிய பயண நூல் 1853இல் கல்லச்சுப் படங்களோடு கல்கத்தாவிலேயே வெளியானது. இந்த நூலில் படைகள் இல்லை. சந்தை, வீடு, ஆட்கள் என்று ஊர் ஊராகவே வருகிறது. மூருக்குப் பக்கத்தில் கிராண்டை வைத்துப் பார்ப்பவருக்கு, போர் இல்லாத கண் என்னவெல்லாம் கவனிக்கும் என்று தெரியும்.

அதே கிராண்ட் 1855இல் ஆர்தர் ஃபெய்ர் தலைமையில் ஆவா அரசவைக்குச் சென்ற தூதுக்குழுவிலும் ஓவியராகப் போனார். குழுவில் ஓர் ஒளிப்படக்காரரும் இருந்தார்: மதராஸ் படையைச் சேர்ந்த லின்னேயஸ் டிரைப். மெழுகிட்ட தாள் நெகட்டிவ்களோடு ப்ரோம், பகான், அமரபுரா, ரங்கூன் என்று அவர் எடுத்தவற்றிலிருந்து 120 காட்சிகளை பெங்களூரில் உட்கார்ந்து அச்சிட்டெடுத்தார். வெறுமையாக விழுந்த வானத்தில் தன் கையாலேயே நெகட்டிவ்மீது மேகம் தீட்டினார். கைவேலை ஒளிப்படத்துக்குள்ளும் வந்து உட்கார்ந்துகொண்டது. உடனே அவரை மதராஸ் அரசு தன் ஒளிப்படக்காரராக நியமித்தது. 1858இல் மதுரை, தஞ்சை, திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டைக் காட்சிகளை எடுத்தார். தஞ்சைப் பெரிய கோயில் அடித்தளக் கல்வெட்டை ஒன்றோடொன்று ஒட்டிய நீண்ட படமாக்கியவர் அவர்தான். ஷ்வேடகோனின் ஆரம்பகால ஒளிப்படங்களும் தஞ்சைப் பெரிய கோயிலின் ஆரம்பகால ஒளிப்படங்களும் ஒரே மனிதரின் கையிலிருந்து மூன்று ஆண்டு இடைவெளியில் வந்தவை. தூதுக்குழுவின் செயலர் ஹென்றி யூல் 1858இல் தம் நூலை வெளியிட்டபோது, கிராண்டின் ஓவியங்களும் டிரைப்பின் ஒளிப்படங்களும் மறுபடி கல்லுக்கும் மரக்கட்டைக்கும் மாற்றப்பட்டே அச்சேறின. ஒளிப்படத்தை எழுத்தோடு சேர்த்து அச்சிடும் வழி அன்று இன்னும் பிறக்கவில்லை.

இத்தனையிலும் ரங்கூன் படமாக இருக்கிறது, படம் செய்யும் இடமாக இல்லை. ஊருக்குள் அச்சு இல்லாமல் இல்லை. செராம்பூர் மிஷனரிகள் கொடுத்த பொறியோடும் பர்மிய எழுத்துகளோடும் ஜார்ஜ் ஹஃப் 1816இல் ரங்கூன் வந்து, மிஷனரிகளான ஜட்சன் தம்பதியர் எழுதிய சமயச் சிறுநூல்களையும் மத்தேயு சுவிசேஷத்தையும் அச்சிட்டார். பின்னர் அமெரிக்கன் பாப்டிஸ்ட் மிஷன் அச்சகமும், ஃபிலிப் ரிப்ளியின் ஹந்தாவதி அச்சகமும் வளர்ந்தன. அவை எழுத்தின் கதை, அடுத்த பகுதிக்கு உரியவை.

கதை திரும்பும் இடம் 1916 மே. ஜப்பானுக்குப் போகும் வழியில் ‘தோசா மாரு’ என்ற கப்பல் ரங்கூனில் நின்றது. அதிலிருந்து இறங்கியவர் இரவீந்திரநாத் தாகூர். ஜூபிலி ஹாலில் அவருக்கு வரவேற்பு கொடுத்தார்கள், ஷ்வேடகோனுக்கு அழைத்துப் போனார்கள். நேர்கோட்டுத் தெருக்களும் வணிகக் கட்டடங்களும் கொண்ட அந்த ஊர் பர்மிய மண்ணில் முளைத்ததாகவே அவருக்குத் தோன்றவில்லை. பகோடாவில்தான் பர்மாவைக் கண்டதாகத் தம் பயண நூலில் எழுதினார். அவரோடு நண்பர்கள் ஆண்ட்ரூஸ், பியர்சன் இருவரும், இருபதைத் தாண்டிய முகுல் டே என்ற இளைஞரும் வந்திருந்தார்கள். ஜப்பானைத் தாண்டி அமெரிக்கா போன முகுல் டே, தகட்டில் ஊசியால் கீறி அமிலத்தால் அரிக்கும் எட்சிங் முறையைச் சிகாகோவில் கற்றார். அங்கே எட்சிங் கலைஞர் சங்கத்தாரோடு பழகி, செப்புத் தகட்டில் வரையும் வித்தையை முறையாகப் பயின்ற முதல் இந்தியர் என்ற பெயரோடு ஊர் திரும்பினார். 1928இல் கல்கத்தா அரசு ஓவியப் பள்ளியின் நிரந்தர முதல்வராக அமர்ந்த முதல் இந்தியரும் அவரே. ஹன்ட்டும் பையலும் மூருக்காகக் கையாண்ட ஊசியும் அமிலமும் இப்போது இந்தியன் கையில்.

தாகூரின் சாந்திநிகேதனில் அச்சோவியம் இன்னும் எளிமையானது. 1930இல் நந்தலால் போஸ் தாகூரின் குழந்தைகள் பாடநூலான ‘சகஜ் பாட்’டுக்கு லினோலியத்தில் வெட்டிய படங்களும், தண்டி யாத்திரையில் தடியூன்றி நடக்கும் காந்தியின் லினோகட்டும் அதற்குச் சான்று. தரைவிரிப்பாகும் லினோலியம், ஓர் உளி, கொஞ்சம் மை. கறுப்பு வெள்ளை தவிர வேறு நிறமில்லை. பேரரசின் பதிப்பாளர்கள் வண்ணக் கூலிக்காரர்களை வைத்துச் செய்ததைவிட அந்த ஒற்றைக் காந்தி அதிக வீடுகளுக்குள் போயிருக்கிறார்.

1951இல் அந்தச் சாந்திநிகேதனுக்கு இந்திய அரசின் உதவித்தொகையில் பர்மாவிலிருந்து ஓர் இளம் ஓவியர் வந்தார். பஜி அவுங் ஸோ. அதற்கு முன்பே, 1948இல், எழுத்தாளர் டகோன் தாயா நடத்திய ‘தாயா’ இதழில் அவர் படங்கள் வரத் தொடங்கியிருந்தன. திரும்பிப் போன பிறகு ரங்கூனின் மாத இதழ்களே அவர் ஓவியக்கூடம். ஓவியம் வாங்குவோர் குறைவு, கண்காட்சிகள் குறைவு. கதைக்கும் கவிதைக்கும் பக்கத்தில் வரைந்து கொடுத்தால் பல்லாயிரம் பேர் பார்ப்பார்கள். 1953இல் ‘ஷுமாவா’ இதழில் வந்த அவரது படம், மரபான உருவம் எதற்கும் கட்டுப்படாமல் இருந்ததால், மனநோயாளி வரைந்தது என்று பழிக்கப்பட்டது. அந்த வசைச்சொல்லே பர்மாவில் நவீன ஓவியத்துக்குப் பட்டப்பெயராக நெடுநாள் நின்றது. 1962இல் நே வின் ஆட்சியைப் பிடித்தபின் இதழ்களெல்லாம் தணிக்கைக்குப் போய் வந்தன. தாள் மட்டமானது, மை பரவியது. அவர் 1990இல் இறக்கும்வரை இதழ்களுக்கு வரைவதை விடவில்லை.

பத்திரிகைப் பிளாக்கில் வந்ததை அச்சோவியம் என்று சொல்லலாமா என்று கலைப் பள்ளிகளில் படித்தவர்கள் கேட்பார்கள். கோட்டுப்படத்தை ஒளிப்படமெடுத்து, துத்தநாகத் தகட்டில் அமிலத்தால் அரித்து, எழுத்தோடு சேர்த்துப் பூட்டி அடிப்பது இதழ்க்காரர்களின் பழைய வழி. ஓவியர் தன் கையால் தகட்டைத் தொடுவதில்லை, எண்ணிட்டுக் கையொப்பம் போடுவதில்லை. இலக்கணப்படி அவர்கள் சொல்வது சரி. ஆனாலும் நான் அவுங் ஸோவை இந்த வரிசையில்தான் வைப்பேன். கறுப்பு எங்கே அழுத்தமாக நிற்கும், எந்தக் கோடு மட்டத் தாளிலும் உடையாமல் விழும் என்று அறிந்து, அச்சுக்கென்றே யோசித்து வரைந்தவர் அவர். மூரின் படியை வாங்கியவர்கள் லண்டனிலும் கல்கத்தாவிலும் இருந்த கனவான்கள். அவுங் ஸோவின் படியைத் தேநீர்க் கடையில் உட்கார்ந்து, சில காசு கொடுத்து வாங்கிய இதழில் ரங்கூன்வாசியே பார்த்தார். ரங்கூனின் அச்சுப் படம் ரங்கூன்காரரின் கண்ணால், ரங்கூனிலேயே, ரங்கூன்காரருக்காக வந்தது அப்போதுதான். அந்த நாட்டின் சிறந்த அச்சோவியத் தொகுதி எது என்று யாராவது கேட்டால், தோல் அட்டை போட்ட மூரின் பதினெட்டுக் காட்சிகளைக் காட்டமாட்டேன். பழுப்பேறிய அந்த இதழ்க் கட்டுகளைத்தான் காட்டுவேன். இன்று ஆய்வாளர்கள் அவற்றைப் பக்கம் பக்கமாகத் தேடிச் சேர்த்துவருகிறார்கள்.

ரங்கூனில் அச்சான தமிழ்த் தாள்களை அப்படிச் சேர்ப்பவர்கள் மிகக் குறைவு. 1931 கணக்கெடுப்பில் ரங்கூன் மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியர். அங்கே தமிழ் இதழ்கள் நடந்தன. உலகம் சுற்றிய தமிழர் ஏ. கே. செட்டியார் 1930களின் முற்பகுதியில் ‘தனவணிகன்’ இதழுக்கு ஆசிரியராக இருந்தது ரங்கூனில்தான். இதழ்கள், திருமண அழைப்பிதழ்கள், கடை விளம்பரத் தாள்கள், கோயில் விழா நோட்டீசுகள் என்று எவ்வளவோ அங்கே அச்சாகி, 1942இல் ஜப்பானியப் படையெடுப்புக்குத் தப்பிய நடைபயணத்திலும் 1964க்குப் பின் தாயகம் திரும்பியவர்களின் கப்பல்களிலும் சிதறிப்போயின. நகையைக்கூட எடுத்துவர விடாத அந்தக் கப்பல்களில், தாள் என்பதால் சோதனைக்காரர் கண்ணில் படாமல் தப்பி வந்தவை சில இருக்கும்.

பர்மாவிலிருந்து திரும்பிய குடும்பத்தைச் சேர்ந்தவர்கள் இந்தத் தொடரைப் படிக்கிறீர்கள் என்று உங்கள் கடிதங்களிலிருந்து அறிகிறேன். பெட்டியடியில் அப்படி ஒரு படமோ இதழோ அழைப்பிதழோ இருந்தால், தயவுசெய்து லாமினேஷன் செய்யாதீர்கள், செல்லோடேப் ஒட்டாதீர்கள், ஓரத்தை வெட்டிச் சட்டம் போடாதீர்கள். வெயில் படாத இடத்தில், அமிலமற்ற தாளுக்கிடையே தட்டையாக வையுங்கள். அது யாருடையது, எந்த ஆண்டு, எந்தத் தெரு என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லக்கூடியதைத் தனித்தாளில் பென்சிலால் எழுதி உடன் வையுங்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா, விளம்பரப் பலகை எழுதிய ஓவியர், இப்படிப்பட்ட தாள்களை வாழ்நாளெல்லாம் சேர்த்தார். அவர் மறைவுக்குப் பின் அந்தச் சேகரிப்பைக் கொண்டு 1994இல் தொடங்கிய ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இன்று சென்னை தரமணியில் இயங்குகிறது. வைத்துக்கொள்ள இடமில்லை என்றால் பழைய தாள் கடைக்குப் போடும் முன் அங்கே கொண்டுபோய்க் காட்டுங்கள்.

(தொடரும்)